பி.பார்ம், பார்ம்.டி, டி.பார்ம்: எதில் சேர்வது? கல்லூரியை எப்படிப் பார்ப்பது?

நிலக்கோட்டை மல்லி:

வணக்கம். அரசுப் பள்ளியில் பியூர் சயின்ஸ் குரூப் படித்து +2 முடித்திருக்கிறேன். 600க்கு 521. நீட் எழுதினேன், எம்.பி.பி.எஸ். கிடைக்கிற அளவுக்கு வரவில்லை. அதற்காக இன்னொரு வருடம் உட்கார எனக்கு விருப்பமில்லை. கெமிஸ்ட்ரி பிடிக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருப்பதால் மாத்திரைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாகவே உண்டு. அதனால் பார்மசி என்று முடிவாகிவிட்டது. அதில் எந்தப் படிப்பு என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு.

அப்பா பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார். நாலு வருஷப் பட்டப்படிப்பான பி.பார்ம் போதும் என்கிறார். மாமா வத்தலக்குண்டில் மெடிக்கல் வைத்திருக்கிறார். "ரெண்டே வருஷம், டி.பார்ம் டிப்ளமோ முடி. சர்டிபிகேட்டை நம்ம கடையில் மாட்டிவிட்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் படி, பீஸை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். இதற்கிடையே ஒரு கன்சல்டன்சிக்காரர் தினமும் போன் செய்கிறார். பெங்களூரில் பார்ம்.டி சீட் இருக்கிறதாம், படித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாமாம், இந்த வாரத்துக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்.

இந்தத் துறையில் இருக்கும் அண்ணன்கள், அக்காக்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

ஆலத்தூர் ஷிப்ட்:

தங்கச்சி, முதலில் முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் பி.பார்ம் முடித்துவிட்டு மாத்திரை தயாரிக்கும் கம்பெனியில் தர உறுதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவருமா பாருங்கள். மெஷினில் மாத்திரை அடித்துக்கொண்டே இருப்பார்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை சாம்பிள் எடுத்து எடை, தடிமன், கடினத்தன்மை எல்லாம் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு சின்ன டிரம்மில் போட்டு நூறு சுற்று சுற்றவிட்டு மறுபடி எடை போடுவோம். ஒரு சதவீதத்துக்கு மேல் உதிர்ந்திருந்தால் அந்த மாத்திரை பாட்டிலில் குலுங்கியே பொடியாகிவிடும் என்று அர்த்தம், லைனை நிறுத்த வேண்டியதுதான். நிறுத்து என்று சொல்லும்போது புரொடக்‌ஷன்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அதையும் தாங்க வேண்டும். பார்த்ததை எல்லாம் அந்த நிமிடமே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

எனக்கு இந்த வேலை மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ஷிப்ட் உண்டு, தொடக்கச் சம்பளம் குறைவு, மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் நிமிரும். தரக் கட்டுப்பாட்டு லேபில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்காரர்களும் நம்மோடு போட்டிக்கு வருவார்கள். மருந்தை உருவாக்கும் ஆராய்ச்சிப் பக்கம் போக நினைத்தால் எம்.பார்ம் என்ற முதுகலைப் படிப்பு வேண்டும். அதற்கு ஜிபேட் தேர்வு இருக்கிறது. அதில் தகுதி பெற்று எம்.பார்ம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். நைபர் என்ற மத்திய அரசின் மருந்தியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களும் உண்டு. மொகாலி, ஹைதராபாத், அகமதாபாத் என்று ஏழு ஊர்களில் இருக்கின்றன, நம் மாநிலத்தில் இல்லை.

வார்டு ரவுண்ட்ஸ்:

நான் பார்ம்.டி. கோவையில் ஒரு மருத்துவமனையில் கிளினிக்கல் பார்மசிஸ்ட். மல்லி, அந்தக் கன்சல்டன்சிக்காரர் சொன்ன "டாக்டர்" விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். பட்டத்தின் பெயரே டாக்டர் ஆஃப் பார்மசிதான். ஆனால் அது நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுக்கும் உரிமையைத் தராது. அந்த ஒரு வார்த்தைக்காகச் சேர்ந்தவர்கள் மூன்றாம் வருடத்திலேயே சோர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் படிப்பின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. நான் இன்டர்னாக இருந்தபோது இதய வால்வு மாற்றிய ஓர் அம்மா வேறு ஒரு தொந்தரவுக்காக வார்டில் சேர்ந்தார். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபாரினை ஏற்கெனவே சாப்பிடுகிறவர். வயிற்றுத் தொற்றுக்கு மெட்ரோனிடசோல் என்ற மருந்தை எழுதியிருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால் வார்ஃபாரினின் வேகம் கூடும், ரத்தக்கசிவு வரை போகலாம். சார்ட்டைப் பார்த்ததும் டியூட்டி டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்க்கச் சொல்லி டோஸையும் மாற்றினார். அந்த அம்மாவுக்கு நான் யார் என்றே தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது. இப்படிப்பட்ட வேலைதான் உங்களை இழுக்கிறது என்றால் பார்ம்.டி படியுங்கள்.

ஆனால் மொத்தம் ஆறு வருடம். ஐந்து வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். மருத்துவமனைகளில் கிளினிக்கல் பார்மசிஸ்ட் இடங்கள் இன்னும் குறைவு. என் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் பார்மகோவிஜிலன்ஸ் (மருந்துகளின் பக்க விளைவுகளைக் கண்காணிப்பது), மெடிக்கல் கோடிங் (சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றுவது), கிளினிக்கல் ரிசர்ச் என்று கம்ப்யூட்டர் முன் உட்காரும் வேலைக்குப் போனார்கள். நல்ல வேலைகள்தான். ஆனால் அவற்றுக்கு பி.பார்ம் முடித்தவர்களையும் எடுக்கிறார்கள், கூடுதலாக இரண்டு வருடமும் அந்தப் பீஸும் தேவையா என்று யோசிக்க வேண்டும். பி.பார்ம் முடித்த பிறகு மூன்று வருட பார்ம்.டி சேரும் வழியும் இருக்கிறது.

இன்னொன்று. பார்ம்.டி நடத்தும் கல்லூரிக்கு 300 படுக்கை கொண்ட மருத்துவமனை சொந்தமாக இருக்க வேண்டும், அல்லது அப்படி ஒரு மருத்துவமனையோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஒப்பந்தம் தாளில் மட்டும் இருந்தால் உங்கள் ஆறு வருடமும் வீண். மாணவர்களை வாரத்தில் எத்தனை நாள் வார்டுக்குக் கூட்டிப்போகிறார்கள், ரவுண்ட்ஸில் டாக்டர்கள் பக்கத்தில் நிற்க விடுகிறார்களா என்று நான்காம் வருடத்து மாணவர் யாரிடமாவது கேளுங்கள். கல்லூரி அலுவலகத்தில் கேட்காதீர்கள்.

பழைய கவுன்டர்:

மல்லி பாப்பா, நான் திருச்சியில் முப்பது வருஷத்துக்கு மேலாக மருந்துக்கடை நடத்துகிறவன். உன் மாமா சொன்னதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

டி.பார்ம் கேவலமான படிப்பில்லை. இரண்டு வருடம் முடித்து, மருத்துவமனையிலோ கடையிலோ 500 மணி நேரப் பயிற்சி எடுத்து, மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால் சொந்தக் காலில் நிற்கலாம். எக்ஸிட் தேர்வு வேண்டும் என்று 2022இல் விதி வந்திருக்கிறது, மூன்று தாள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம் எடுக்க வேண்டும். சேரும்போதே அதைப் பற்றி விசாரித்து வைத்துக்கொள். கடை வைக்க 10 சதுர மீட்டர் இடம், பாரம் 20, 21 லைசென்ஸ், பதிவு பெற்ற பார்மசிஸ்ட். இவ்வளவுதான் தேவை. 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களில் டி.பார்ம், பி.பார்ம் முடித்தவர்கள் அரசு மானியத்தோடு கடை எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் சர்டிபிகேட்டை மாமா கடையில் மாட்டிவிட்டு நீ வேறு ஊரில் படிப்பது என்பது கூடவே கூடாது. 1948ஆம் வருட பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவு, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பதைப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் மட்டுமே செய்யலாம் என்கிறது. சுவரில் உன் பெயர் தொங்கும், மருந்தை எடுத்துக் கொடுப்பது பத்தாவது படித்த பையன். அவன் ஒரு மாத்திரைப் பட்டையை மாற்றிக் கொடுத்தால் பொறுப்பு யாருக்கு? உன் பெயருக்கு. பதிவே போகலாம். இதை உன் மாமாவைக் குறை சொல்ல எழுதவில்லை. ஊரில் பலரும் செய்கிறார்கள் என்பதாலேயே இது சாதாரணம் போலத் தெரிகிறது.

கம்பம் பள்ளத்தாக்கு:

ஐயா, சட்டம் சரிதான். ஆனால் சொந்த மாமா. பீஸ் கட்டுகிறேன் என்கிறார். எங்கள் பக்கம் எத்தனையோ குடும்பம் இப்படித்தான் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கிறது. ஒரேயடியாக வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளைக்குப் படிப்பே இல்லாமல் போகலாம் இல்லையா?

பழைய கவுன்டர்:

தம்பி, குடும்பக் கஷ்டம் எனக்கும் தெரியும். அவள் டி.பார்ம் முடித்து அந்தக் கடையிலேயே முழுநேரமாக நின்று வேலை பார்த்தால் நானே வாழ்த்துவேன். கல்லூரியில் 80 சதவீத வருகை வேண்டும், அதே நேரத்தில் கடையிலும் இருக்கிறாள் என்று காட்டினால் இரண்டில் ஒன்று பொய். இருபது வயதுப் பெண்ணை அந்தப் பொய்க்குக் கையெழுத்துப் போட வைக்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். மாமாவிடம் பீஸைக் கடனாகக் கேட்கலாமே.

சுகாதார நிலையம்:

நான் அரசு மருந்தாளுநர், தர்மபுரி மாவட்டம். எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வந்தேன். அரசு வேலை மட்டுமே குறி என்றால் டி.பார்மே போதுமானது. ஊதிய நிலை 11, அடிப்படை 35,400இல் தொடங்குகிறது. ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, வந்தால் போட்டியும் பலமாக இருக்கும். அதை மட்டுமே நம்பி உட்கார வேண்டாம்.

டிரக்ஸ் இன்ஸ்பெக்டர் ஆக ஆசை இருந்தால் டி.பார்ம் போதாது, பட்டம் கட்டாயம். டி.பார்ம் முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.பார்ம் இரண்டாம் வருடம் சேரலாம். எனவே டி.பார்ம் எடுத்தால் கதவு மூடிவிடும் என்பதில்லை. மொத்தம் ஐந்து வருடம் ஆகும், அவ்வளவுதான். உங்களுக்கு 521 இருக்கிறது. நேராக பி.பார்முக்கே விண்ணப்பியுங்கள் என்பேன்.

நாமக்கல் வாத்தியார்:

பார்மசி கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். சேர்க்கை நேரத்தில் பெற்றோர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் பஸ், ஹாஸ்டல், பிளேஸ்மென்ட் என்று போய்விடுகின்றன. கேட்க வேண்டியவை வேறு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம்: தமிழ்நாட்டில் பி.பார்ம் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பாராமெடிக்கல் படிப்புகளோடு சேர்த்து விண்ணப்பம் வாங்கி, +2 மதிப்பெண்படி தரவரிசை போடும். சென்னை எம்.எம்.சி.யிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் பி.பார்ம் இருக்கிறது. கட்டணம் மிகக் குறைவு, இடங்களும் குறைவு. தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. நேராகப் போய் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கவுன்சலிங்கை முடித்துவிடுங்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் வாங்கும். ஊட்டி ஜே.எஸ்.எஸ்., போரூர் ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். எல்லாம் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கீழ் வருபவை. ஊட்டி கல்லூரி மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையின் பார்மசி பட்டியலில் முதல் பத்துக்குள் வந்திருக்கிறது. அதற்கேற்ற செலவும் இருக்கும்.

அங்கீகாரம்: பி.சி.ஐ. என்ற இந்திய பார்மசி கவுன்சிலின் இணையதளத்தில் கல்லூரி பெயரைத் தேடுங்கள். படிப்பு நடத்த அனுமதி வேறு, பார்மசி சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ் கிடைக்கும் அங்கீகாரம் வேறு. பிறகு நீங்கள் பார்மசிஸ்டாகப் பதிவு செய்துகொள்ள இரண்டாவதுதான் முக்கியம். அந்தக் கல்லூரியில், அந்தப் படிப்புக்கு, எத்தனை இடங்களுக்கு, எந்த வருடம் வரை என்று நான்கையும் பாருங்கள். ஒரே வளாகத்தில் பி.பார்முக்கு அங்கீகாரம் இருந்து பார்ம்.டிக்கு இன்னும் வராமல் இருக்கலாம். பார்ம்.டிக்கு ஒரு கல்லூரியில் 30 இடம்தான். அதற்கு மேல் சேர்க்கிறோம் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

புதிய கல்லூரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து வருடத்துக்குப் புதிய கல்லூரிகள் வேண்டாம் என்று பி.சி.ஐ. 2019இல் முடிவெடுத்தது. அந்தத் தடை செல்லாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன் பிறகு நாடு முழுக்க நிறைய கல்லூரிகள் முளைத்தன. புதியது என்பதாலேயே மோசம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதல் பேட்ச் இன்னும் வெளியே வராத கல்லூரியில் கேட்டு விசாரிக்க சீனியரே இருக்கமாட்டார், அதுதான் சிக்கல்.

கடைசியாக, கல்லூரியை வேலை நாளில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்மிஷன் மேளாவில் எல்லாக் கல்லூரியும் அழகாகத்தான் இருக்கும். காலை பத்தரை மணிக்குப் போய் லேபைப் பார்க்க அனுமதி கேளுங்கள். எச்.பி.எல்.சி. என்று, மருந்தில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவி இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு லாக் புத்தகம் இருக்கும், யார், எந்தத் தேதியில், எந்த சாம்பிளை ஓட்டினார்கள் என்று எழுதும் நோட்டு. கடைசிப் பதிவின் தேதியைப் பாருங்கள். போன வாரம் என்றால் நல்லது. இரண்டு வருடத்துக்கு முந்தியது என்றால் அந்தக் கருவி இன்ஸ்பெக்‌ஷனுக்காக வாங்கியது. மாத்திரை அடிக்கும் மெஷினில் பொடியை அழுத்தும் 'பஞ்ச்' என்ற அச்சுகளைக் கவனியுங்கள், ஓடுகிற மெஷினில் எண்ணெய்ப் பிசுக்கும் பவுடரும் இருக்கும். மூலிகைத் தோட்டத்தில் செடி இருக்கிறதா, பலகை மட்டும் நிற்கிறதா என்றும் பாருங்கள். மூன்றாம் வருட மாணவர்களிடம் இந்த வருடம் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள் என்று கேளுங்கள். சம்பளம் சரியாகக் கொடுக்காத இடத்தில் ஆசிரியர்கள் நிற்கமாட்டார்கள். பார்மகாலஜியை ஒரே வருடத்தில் மூன்று பேர் எடுத்தால் மாணவருக்கு ஒன்றும் ஏறாது. ஒரு ஆசிரியராக எனக்கு இது மிகவும் வலிக்கிற விஷயம்.

மகளின் அப்பா:

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என் மகளுக்கு வெளிமாநிலத்தில் ஒரு ஏஜெண்ட் மூலம் இடம் வாங்கினோம். கல்லூரிக் கட்டணம் என்று ஏஜெண்ட் சொன்ன தொகை வேறு, கல்லூரி ரசீதில் இருந்த தொகை வேறு. விலகிக்கொள்கிறோம் என்றதும் ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தர இழுத்தடித்தார்கள். ஒரிஜினல்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே சொல்லியிருக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் கையில் வந்தது. மல்லி, பணம் கட்டினால் கல்லூரியின் வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். "காலேஜுக்கு வரவே வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று யாராவது சொன்னால் அந்த எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்.

துபாய் ராசா:

வெளிநாடு பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் பி.பார்ம், துபாயில் கம்யூனிட்டி பார்மசியில் இருக்கிறேன். இங்கே துபாய் சுகாதார ஆணையத்தின் டி.எச்.ஏ. தேர்வு எழுத வேண்டும், சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் மூலம் சரிபார்ப்பார்கள், பணி அனுபவமும் கேட்பார்கள். அந்த அனுபவக் கடிதம் உண்மையாக வேலை பார்த்த இடத்திலிருந்து வர வேண்டும். வாடகைக்கு விட்ட சர்டிபிகேட் இங்கே மாட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவில் பார்மசிஸ்ட் ஆக வேண்டும் என்றால் நம் நாலு வருட பி.பார்மை வைத்து, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எப்.பி.ஜி.இ.இ. தேர்வு எழுத முடியாது. 2003க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்களுக்கு ஐந்து வருடப் பாடத்திட்டம் கேட்கிறார்கள். பார்ம்.டி முடித்தவர்கள் எழுதலாம். கனடாவில் பி.இ.பி.சி. என்ற பார்மசி தேர்வு வாரியத்தின் தேர்வுகள், பி.பார்மோடு போகலாம்.

நிலக்கோட்டை மல்லி:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவும் நானும் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரிக்கும் கோவைப் பக்கம் ஒரு கல்லூரிக்கும் வேலை நாளில் போய்வந்தோம். முதல் இடத்தில் லேப் பூட்டியிருந்தது, சாவி வைத்திருப்பவர் லீவு என்றார்கள். பிளேஸ்மென்ட் போட்டோ மட்டும் காட்டினார்கள். இரண்டாவது இடத்தில் மாணவிகள் பிராக்டிகலில் இருந்தார்கள். ஒரு அக்கா ஆயின்ட்மென்ட் செய்துகொண்டே என்னிடம் பேசினார். லாக் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டதும் லேப் அசிஸ்டென்ட் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அந்த வாரத் தேதி இருந்தது.

வீட்டில் பேசி பி.பார்ம் என்று முடிவு செய்திருக்கிறோம். பார்ம்.டி ஆசை இருக்கிறது, ஆனால் ஆறு வருடச் செலவு இப்போது முடியாது. பி.பார்முக்குப் பிறகு மூன்று வருட வழி இருப்பது தெரியாமலே இருந்தது. மாமா முதலில் கோபப்பட்டார். அப்பா 42ஆம் பிரிவைப் படித்துக் காட்டியதும் ஒன்றும் பேசவில்லை. நேற்று வந்து ஹாஸ்டல் பீஸை நான் கட்டுகிறேன், வேலைக்குப் போனதும் திருப்பிக் கொடு என்றார். கடைக்கு ஒரு பார்மசிஸ்டைச் சம்பளத்துக்குத் தேடுகிறார்.

இன்னும் இரண்டு கேள்வி. கவுன்சலிங்கில் வரிசையை எப்படிப் போடுவது? நான் +2வில் கணக்கு படிக்கவில்லை, அது சிக்கலாகுமா?

நாமக்கல் வாத்தியார்:

மல்லி, அரசுக் கல்லூரிகளை மேலே போடுங்கள். மதுரை உங்களுக்குப் பக்கம், அது முதலில், பிறகு சென்னை. அதன் கீழே நீங்கள் நேரில் பார்த்துத் திருப்தியான தனியார் கல்லூரி. பார்க்காத கல்லூரியை எண்ணிக்கைக்காகச் சேர்க்க வேண்டாம். அதுவே ஒதுக்கீடாகிவிட்டால் சங்கடம். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பள்ளிச் சான்றுகளை இப்போதே ஸ்கேன் செய்து வையுங்கள்.

கணக்கு பற்றிப் பயம் வேண்டாம். இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது கணக்கு, ஏதாவது ஒன்று இருந்தால் பி.பார்ம் சேரலாம். கணக்கு படிக்காதவர்களுக்கு முதல் செமஸ்டரில் ரெமெடியல் மேத்தமேட்டிக்ஸ் என்று தனிப் பாடம் வைத்திருக்கிறார்கள். உயிரியல் படிக்காதவர்களுக்கு ரெமெடியல் பயாலஜி. உங்கள் கணக்குப் பாடத்தில் லாகரிதம், மேட்ரிக்ஸ், டிபரென்ஷியேஷன் வரும். விடுமுறையில் 11ஆம் வகுப்பு கணக்குப் புத்தகத்தை வாங்கி லாகரிதம் மட்டும் பார்த்து வையுங்கள், பி.எச். கணக்குகளுக்கும் அதுதான் தேவைப்படும்.

சுகாதார நிலையம்:

நீங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியா? அப்படியானால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சேர்ந்ததும் கல்லூரியில் இதற்கென்று இருக்கும் பொறுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும், அதை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.